படிகமும் பதனிட்ட தோலும்

மணிமேகலைக் காப்பியத்தில் உவவனத்துப் பளிக்கறை ஒன்று வருகின்றது. உள்ளே நிற்பவரின் உருவத்தைப் புறத்தே காட்டும். அவர்தம் குரலை மட்டும் வெளியே விடாது. உதயகுமரனுக்கு அஞ்சி அதனுள் புகுந்த மணிமேகலையின் வடிவத்தை அவன் கண்டான், அணுக முடியவில்லை. ஒரு காதைக்கே 'பளிக்கறை புக்க காதை' என்று பெயர் அமையுமளவுக்குப் பளிங்கின் இயல்பு அக்காலப் புலவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது.

ஆயினும் பளிங்கு தன்னுள் நிற்பவரைக் காட்டியதேயன்றித் தன்னைக் காட்டவில்லை. அதனுள் எது எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது, ஏன் அது பட்டை பட்டையாகப் பிளக்கின்றது என்னும் வினாக்களுக்கு மனித இனம் 1912ஆம் ஆண்டுவரை விடை காத்திருந்தது. அவ்விடையைத் தந்த கருவியே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு என்று இன்று பாடநூல்கள் கூறும் முறையாகும்.

இதனைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். இம்முறையால் அறியப்பட்ட பொருள்களுள் தலையாய ஒன்று, நம் வட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் தொட்டு வாழும் தோல். அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்த இடம் நம் தலைநகராகிய சென்னை. அத்தோலைப் பதப்படுத்தும் கடுக்காய் விளைவது நம் கண்ணெதிரே நிற்கும் ஜவ்வாது மலை. இவ்வளவும் நம்மைச் சூழ்ந்திருக்க, நம் மாணவருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? அறியாமைக்குக் காரணம் அவர்களா, நாமா? இதுவே இக்கட்டுரையின் வினா.

வரிசையின் அறிவியல்

படிகம் என்பது யாது? அணுக்களோ மூலக்கூறுகளோ ஒரே ஒழுங்கில், ஒரே இடைவெளியில், முப்புறமும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திண்பொருளே படிகம். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து, முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் ஒரே அளவு இடம் விட்டு நிற்கும் மக்களை எண்ணிப் பார்க்க. அது படிகத்தின் ஒழுங்கு. அதே மக்கள் சற்று நேரம் கழித்துச் சந்தையில் நெருக்கியடித்துத் திரிவதை எண்ணிப் பார்க்க. அது நீர்மத்தின் நிலை. மக்கள் மாறவில்லை; நிற்கும் முறை மாறிற்று. உப்பு, சர்க்கரை, சுண்ணாம்புக்கல், இரும்பு, பற்களின் மேற்பூச்சு ஆகிய யாவும் படிகங்களே. கண்ணாடியோ, காண்பதற்குப் பளிங்கு போன்றிருப்பினும், அத்தகைய வரிசை இல்லாதது.

வரிசைகளுக்கிடையேயான இடைவெளி மிக நுண்ணியது. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கினை ஆங்ஸ்ட்ராம் என்பர். சமையல் உப்பில் அடுத்தடுத்த அணுத்தளங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 2.82 ஆங்ஸ்ட்ராம். நம் கண் காணும் ஒளியின் அலைநீளமோ 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ராம் வரை. முழக்கோலைக் கொண்டு மணலின் பருமனை அளக்க இயலாதவாறு, இவ்வொளியைக் கொண்டு அவ்வரிசையைக் காண இயலாது.

1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிரின் அலைநீளம் ஏறக்குறைய ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவினதாக இருக்கலாம் என்று மதிப்பிட்ட லாவே என்னும் ஜெர்மானிய அறிஞர், அக்கதிரைப் படிகத்தினுள் செலுத்தினால் என்ன நிகழும் என்று சிந்தித்தார். 1912இல் மூனிக் நகரில் ஃபிரீட்ரிக், நிப்பிங் என்னும் இருவர் அதனைச் செய்து பார்த்தனர். அவர்கள் முதலில் எடுத்த படிகம், நம் ஊர் மருந்துக் கடைகளிலும் உழவர் வீடுகளிலும் கிடைக்கும் மயில்துத்தம். பின்னே வைத்த ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் விழுந்தன. அப்புள்ளிகள் படிகத்தின் உள்ளே வரிசை உண்டு என்பதற்கும், எக்ஸ் கதிர் அலை என்பதற்கும் ஒருசேரச் சான்றாயின. லாவே 1914ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசைப் பெற்றார்.

அப்புள்ளிகளைப் படிக்கும் இலக்கணத்தை வகுத்தவர் லாரன்ஸ் பிராக். கருத்து எளியது. முதல் தளத்தில் பட்டுத் திரும்பும் அலையைவிட, அடுத்த தளத்தில் பட்டுத் திரும்பும் அலை சற்றுக் கூடுதல் வழி நடக்கின்றது. அக்கூடுதல் வழி, அலைநீளத்தின் முழு மடங்காக இருக்குமாயின் இரு அலைகளும் கைகோத்து வலுப்பெறும். இல்லையேல் ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே, குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டுமே கதிர் வெளிப்படும். கோணத்தை அளந்தால் இடைவெளி தெரியும். செம்பிலிருந்து பெறும் 1.54 ஆங்ஸ்ட்ராம் கதிரை உப்பின்மீது செலுத்துங்கால், அது தன் வழியிலிருந்து ஏறத்தாழ 31.7 பாகை விலகி வலுவாகத் தோன்றும். உலகின் எம்மூலையில் எடுத்த உப்பாயினும் அதே கோணந்தான். தந்தையாகிய வில்லியம் பிராக்கும் மகனும் 1915ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டபோது மகனின் வயது 25. நம் முதுகலை மாணவரின் வயதினும் சற்றே மிகுந்தது!

இம்முறையின் பெரும்பயன் பொருளை அடையாளம் காட்டுவதே. வைரமும் கரியும் வேதியியல் நோக்கில் ஒன்றே. எக்ஸ் கதிருக்கோ வெவ்வேறு. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டும் முத்துச்சிப்பியின் அரகோனைட்டும் ஒரே கால்சியம் கார்பனேட்டே. அடுக்கு முறை வேறாதலின் கோணங்களும் வேறு. மணியின் எடையைக் காற்றிலும் நீரிலும் ஒப்பிட்டு அதன் அடர்த்தியால் மெய்ம்மணியையும் போலியையும் பிரித்தறிய முயன்ற அல்பிரூனி பதினோராம் நூற்றாண்டில் நாடியதும் இதுவேயன்றோ? பொருளைச் சிதைக்காமல் அதன் உண்மையை அதனையே கூறவைத்தல். அவ்விழைவு பல நூற்றாண்டுகளுக்குப் பின் நிறைவேறிற்று எனலாம்.

மலைமேல் ஒன்று, மலையடியில் ஒன்று

ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றது. சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் தரும் இம்மலையை உலக அறிஞர் அறிந்தது காவலூரால். வைணு பாப்பு என்னும் வானியலறிஞர் 1960களில் தேர்ந்தெடுத்த இடம் அது. 1986ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரால் அமைந்தது.

அத்தொலைநோக்கியின் பணி விண்மீனைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமன்று. அதன் ஒளியைப் பிரிப்பதும் ஆகும். ஒரு மில்லிமீட்டரில் பல நூறு கோடுகள் கீறிய தகட்டின்மீது விண்மீன் ஒளி பட்டு நிறம் நிறமாகப் பிரிகின்றது. எந்நிறம் குறைந்துள்ளது என்பதைக் கொண்டு அவ்விண்மீனில் இரும்பு உண்டா, கால்சியம் உண்டா என்று கூறுவர். கீறல்களில் பட்ட ஒளியலைகள் குறிப்பிட்ட கோணங்களில் கைகோப்பதே இதன் அடிப்படை. படிகத்தில் நிகழ்வதும் அதுவே. அங்கே மனிதன் கீறிய கோடுகள். இங்கே இயற்கை அடுக்கிய அணுக்கள். எட்டாத் தொலைவில் உள்ள விண்மீனையும், கட்புலனாகா நுண்மையில் உள்ள அணுவையும் ஒரே நெறியால் அறிகின்றோம். இதனை ஆசிரியர் ஒருவர் காவலூருக்கு அழைத்துச் சென்று தமிழில் எடுத்துரைப்பாராயின், எந்த மாணவனுக்குத்தான் விளங்காது?

மலையின் மேற்கு அடிவாரப் பகுதியில் திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் வெர்மிகுலைட் என்னும் கனிமம் வெட்டியெடுக்கப்பட்டு வந்துள்ளது. காக்காப்பொன் போல் ஏடு ஏடாக உள்ள இக்கல்லைச் சூடாக்கினால் புழுப்போல் நெளிந்து பல மடங்கு உப்பும். ஏன்? எக்ஸ் கதிர் விடை கூறுகின்றது. அதன் ஏடுகளுக்கிடையே நீர் தங்கியுள்ளது. ஏட்டுக்கு ஏடு சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் இருந்த தொலைவு, நீர் முற்றும் நீங்கிய பின் சுமார் 10 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்குகின்றது. திடீர்ச் சூட்டில் நீராவி வெளியேறத் துடிக்கும் விசையே ஏடுகளைப் பிரித்துக் கல்லை உப்பச் செய்கின்றது. நாம் காலால் மிதித்துச் செல்லும் கல்லுக்கும் உள்ளே ஒரு வரலாறு உண்டு என்பதற்கு இஃதொரு சான்று.

கிண்டியில் விரிந்த முப்புரி

இனித் தோலுக்கு வருவோம். தோல், தசைநார், எலும்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். நம் உடற்புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. பதனிடுபவர் சுண்ணாம்புக் குழியில் மயிரையும் சதையையும் நீக்கிய பின் எஞ்சும் பொருளும் அதுவே. அது உப்பைப் போன்ற முழுப் படிகம் அன்று. எனினும் அதன் இழைகள் நீளவாக்கில் ஒழுங்காக அடுக்கப்பட்டவை ஆதலின் எக்ஸ் கதிருக்கு விடையிறுக்கும்.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து திரும்பிய ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அத்துறைக்குப் பேராதரவு நல்கினார். அந்நாளில் சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராப் புதிராகவே உள்ளது என்பதை எடுத்துரைத்தார். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அண்மையிலேயே 1948இல் தோற்றுவிக்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநார் ஆய்வுக்குக் கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் பெற்ற படங்களை ஆராய்ந்தனர்.

படத்தோடு வேதியியல் செய்தி ஒன்றும் துணை நின்றது. கொலாஜனின் அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒன்று கிளைசின். எல்லாவற்றினும் சிறியது அது. மூன்றாவது இடந்தோறும் சிறியதொன்று நிற்கின்றதென்றால், அவ்விடத்தில் பெரியதற்கு இடமில்லை என்பதே பொருள். இடமில்லாமற் போவது எங்கே? பல இழைகள் நெருங்கிக் கூடும் நடுவிடத்தில். ஆகவே கொலாஜன் ஒற்றைப் புரி அன்று, முப்புரி என்று அவர்கள் துணிந்தனர். 1954இல் 'நேச்சர்' ஆய்விதழில் அம்முடிவு வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டவை என்று திருத்தினர். இடப்புறமாகச் சுருண்ட மூன்று இழைகள், வலப்புறமாகத் தம்முள் பின்னிக் கிடக்கின்றன. கயிறு திரிப்போர் ஒரு புறம் முறுக்கிய புரிகளை மறுபுறம் முறுக்கிச் சேர்ப்பதைக் கண்டவர்க்கு இதன் உறுதி எதனால் வந்தது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

எதிர்ப்பும் வந்தது. கேம்பிரிட்ஜின் கிரிக்கும் ரிச்சும் அவ்வமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்றனர். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமிலங்களுக்கு இரண்டு அன்று, ஒன்றே என்றனர். முப்புரி என்னும் அடிப்படை நிலைத்தது. பிணைப்பின் எண்ணிக்கையில் எதிர்த்தரப்பின் கூற்றே பின்னர் ஏற்கப்பட்டது. ஆனால் இராமச்சந்திரன் அத்தோடு அமையவில்லை. 'அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?' என்னும் வினாவையே தம் அடுத்த ஆய்வாக்கினார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் என்னும் இருவரோடு 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்று 'இராமச்சந்திரன் வரைபடம்' என உலகெங்கும் உயிர்வேதியியல் நூல்களில் வழங்குகின்றது. எக்ஸ் கதிரால் கண்ட எந்தப் புரத அமைப்பும் சரியா, பிழையா என்று சரிபார்க்கும் உரைகல்லாக அது விளங்குகின்றது. தடுத்துரைத்தவரின் சொல்லைப் பகையாகக் கொள்ளாது வினாவாகக் கொண்டமையால் விளைந்த பயன் இது. 1999இல் உலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசைப் பெற்ற அப்பெருமகனார் 2001இல் சென்னையில் மறைந்தார்.

கடுக்காயும் குரோமியமும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடுதல் நம் சமுதாயத்தாரின் முதன்மைத் தொழில். பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தது அத்தொழில் ஈட்டிய பொருளால். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதனிடு பொருள்கள். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பொறுக்கிச் சேர்க்கும் கடுக்காய்க்கும் அடிவாரத் தோல் தொழிலுக்கும் இவ்வாறு பழைய உறவு உண்டு. பின்னர்க் குரோமிய உப்பு வந்தது.

இரண்டும் முப்புரியினிடத்து என்ன செய்கின்றன? பச்சைத் தோலை நீரிலிட்டுச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகையில் சுருங்கிப் போகும். புரிகள் அவிழ்ந்து வச்சிரப் பசையாகும். அந்நிலையில் எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒழுங்கின் அடையாளங்கள் மறைந்து மங்கலான வளையம் மட்டும் எஞ்சும். வரிசை குலைந்து சந்தையானதன் சான்று அது. கடுக்காயின் துவர்ப்பொருள் இழைகளுக்கிடையே புகுந்து பற்றிக்கொள்ளுங்கால் தோல் 75 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமியமோ கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளோடு இறுகப் பிணைந்து, கொதிநீரையும் தாங்கும் வலிமையைத் தரும். வேலையும் விரைவில் முடியும். தொழில் குரோமியத்தை நாடியது ஏன் என்பது இதனால் விளங்கும்.

ஆயின், தோலில் சேராத குரோமியமும், பதனிடும் முன் சேர்க்கும் உப்பும் எங்கே சென்றன? பாலாற்றிலும் அதன் கரைக் கிணறுகளிலும் சென்று சேர்ந்தன. உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, கேடு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. அத்தீர்ப்பு பிறந்தது நம் மாவட்டத்துத் தண்ணீரிலிருந்து என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். 2025 சனவரியிலும் அந்நீதிமன்றம் இதே ஆற்றைக் குறித்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்துள்ளன.

இவ்விடத்தும் எக்ஸ் கதிர் முறை துணை செய்யும். கழிவுச் சேற்றில் குரோமியம் எவ்வளவு என்று வேதியியல் ஆய்வு கூறும். அது படிக வடிவில் உள்ளதாயின் எச்சேர்மமாக உள்ளது என்பதை எக்ஸ் கதிர் கூறும். மூவிணைதிறக் குரோமியத்தினும் அறுவிணைதிறக் குரோமியம் பன்மடங்கு நச்சுடையது ஆதலின் இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. மிகச் சிறிய அளவில் கலந்துள்ளதையும், படிக ஒழுங்கில்லாததையும் இம்முறை எளிதில் காட்டாது என்பதையும் உடன் கூறுதல் நேர்மை. எக்கருவியும் தனித்து நின்று முழு உண்மையைக் கூறாது.

நாம் கூற விழைவது இதுவே. தோலின் உள்ளே அணுவுக்கு அணு இடைவெளியைக் கண்டறிந்த மாநிலத்தில், அத்தோலை நனைத்த நீர் எங்கே போகின்றது என்பதை அத்தொழிலாலே வாழும் ஊர் அறியாது கிடந்தது. அறிவு கிண்டியில் இருந்தது. கேடு பாலாற்றில் இருந்தது. இரண்டுக்கும் இடையே வழி இல்லை. அவ்வழி அடைபட்டமைக்குப் பொருளாசை ஒரு காரணம். அறிவு மக்கள் மொழியில் வந்து சேராமையும் ஒரு காரணமே.

எந்த மொழியில் விளங்கும்?

மலையூர்களிலிருந்தும் தோல் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் வரும் மாணவரைப் பல்லாண்டுகளாக வகுப்பில் கண்டு வருகின்றோம். கடுக்காயைப் பற்றி, ஊறல் குழியைப் பற்றி அவர்கள் அறிந்தது ஆசிரியர் அறிந்ததினும் மிகுதி. ஆனால் இயற்பியல் வகுப்பில் ஆங்கிலச் சொல் ஒன்று விழுந்ததும் அவர்கள் வாய் அடைத்துப் போகின்றது. அறிவு இல்லாமையால் அன்று; தாம் அறிந்ததற்கும் நூல் கூறுவதற்கும் இடையே பாலம் இல்லாமையால். பளிக்கறையுள் நிற்பவர் போல் அவர்கள் உருவம் நமக்குத் தெரிகின்றது; குரல் கேட்பதில்லை.

தமிழில் சொல் இல்லை என்பர் சிலர். உள்ளது, ஒருமைப்பாடு இல்லை. நாம் படிகம் என்பதை ஈழத்துப் பாடநூல்கள் பளிங்கு என்னும். நாம் விளிம்பு விளைவு என்பதை அவர்கள் கோணல் என்பர். இரண்டும் நல்ல சொற்களே. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கண்ட மொழி இது. 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராய் இருந்து, கலைச்சொல் அகராதிகளையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு 2017இல் மறைந்த மணவை முஸ்தபா நம் சமுதாயத்தவர். தமிழால் முடியும் என்று அவர் மேடையில் முழங்கியதோடு அமையாது, சொல் சொல்லாக அடுக்கிக் காட்டினார். அவ்வடுக்கைத் தொடர்வது தமிழ்த்துறையின் கடன் அன்றோ?

ஆங்கிலம் இன்றி வேலை கிட்டுமா என்று பெற்றோர் வினவுவது நியாயமே. ஆங்கிலத்தைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. இராமச்சந்திரன் 'நேச்சர்' இதழுக்கு ஆங்கிலத்தில்தான் எழுதினார். நன்கு கற்க, பிழையறக் கற்க. ஆனால் விளங்கிக்கொள்ளுதல் ஒன்று, விளங்கியதை உலகுக்கு உரைத்தல் மற்றொன்று. முன்னது தாய்மொழியில் நிகழ்ந்தால் பின்னது எம்மொழியிலும் இயலும். முன்னது நிகழாதாயின் பின்னது வெறும் மனப்பாடம்.

உருதுவை வீட்டு மொழியாகக் கொண்ட மாணவரும் நம்மிடையே உளர். அவர்க்கும் இது பொருந்தும். தொழிற்கூடத்தில் அவர்கள் பிறரோடு பேசுவதும், ஊராட்சிக்கு மனு எழுதுவதும், நாளிதழ் படிப்பதும் தமிழிலன்றோ? ஊர்ப்பொது மொழியில் அறிவியல் வந்தாலன்றி ஊர்ப்பொதுக் கேட்டைத் தீர்க்க ஊர் ஒன்றுபடாது.

செய்யத் தக்கவை

குறை கூறி முடிப்பது எளிது. ஆதலின் சில கருத்துகளை முன்வைக்கின்றோம். தமிழ்த்துறையும் இயற்பியல், வேதியியல் துறைகளும் இணைந்து பருவத்திற்கு ஒரு நாள் தமிழில் அறிவியல் உரை நிகழ்த்தல் வேண்டும். பேசுபவர் அறிவியல் ஆசிரியர். சொல் தேடித் தருபவர் தமிழாசிரியர். இருவரும் ஒருவர்க்கொருவர் மாணவராவர்.

விலைமிக்க எக்ஸ் கதிர்க் கருவி ஒவ்வொரு கல்லூரியிலும் இருத்தல் இயலாது; தேவையும் இல்லை. இரும்புத் திரையிட்ட பெட்டகத்தினுள்ளேயே கையாளத்தக்க கதிர் அது. விளையாட்டுப் பொருள் அன்று. ஆனால் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் உள்ள கருவியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர் சென்று காணல் கூடும். ஒரு சிட்டிகை உப்பும், ஒரு துண்டுத் தோலும், சேவத்தூர்க் கல் ஒன்றும் எடுத்துச் சென்று, மூன்றின் படங்களையும் பெற்றுத் திரும்பினால் போதும். அம்மூன்று படங்களும் வகுப்பறைச் சுவரில் தொங்கட்டும். அடியில் விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத் தொழிலுக்குரிய ஒரு பொருளைப் பற்றிப் பத்துப் பக்கம் தமிழில் எழுதுதல் வேண்டும். ஜமுனாமரத்தூர்ப் பகுதி மாணவன் கடுக்காயைப் பற்றி எழுதட்டும். ஆம்பூர் மாணவி தோலைப் பற்றி எழுதட்டும். தொழிலில் வழங்கும் சொற்களை அப்படியே பதியட்டும். அச்சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாமல் முதியோருடன் மறைந்து கொண்டிருக்கின்றன.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டடங்களுக்கு வாரி வழங்கிய தங்கள் கை, இத்தகைய ஆய்வுப் பயணத்திற்கும் நூல் வெளியீட்டிற்கும் சற்று நீளல் வேண்டும். தொழிற்கூட வாயிலை மாணவர்க்குத் திறந்து விடுங்கள். கழிவுநீர் எங்ஙனம் தூய்மை செய்யப்படுகின்றது என்பதை அவர்கள் கண்டு கேட்கட்டும். கேள்விகள் சில வேளை உறுத்தலாம். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த உறுத்தலான கேள்வியே கிண்டியில் உலகப் புகழ் வரைபடமாயிற்று என்பதை நினைவிற் கொள்வோமாக.

மூன்று இழைகளும் தனித்தனியே நின்றால் எளிதில் அறும். பின்னியபோதே அவை யானையின் தோலையும் தாங்கி நிற்கின்றன. மலையின் கடுக்காயும் ஊரின் தொழிலும் கல்லூரியின் அறிவும் இன்று தனித்தனி இழைகளாய்க் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாய்ப் பின்னும் வேலை தமிழால் ஆகும். அவ்வேலையை அடுத்த பருவத்திலேயே தொடங்குவோம்.